சிவப்பு வந்தால் கிளாக்கோமாதானா?

ஓசிடி, அதாவது கண்ணின் உட்படலங்களை ஒளியால் படமெடுக்கும் ஸ்கேன், அதன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பச்சை என்றால் நிம்மதி. சிவப்பு என்றால், பார்வை நரம்பு தேய்கிற கிளாக்கோமா நோய்தான் என்று பயந்து, அன்று ராத்திரி தூக்கம் போச்சு. ஸ்கேன் எடுக்கும் அறையிலேயே பொழுதைக் கழிக்கிறவன் என்பதால் சொல்கிறேன், இரண்டுமே அவசர முடிவு.

கண்ணின் பின்புறம், பார்வை நரம்பு மூளையை நோக்கிக் கிளம்பும் இடத்துக்கு டிஸ்க் என்று பெயர். அதைச் சுற்றி ஏறக்குறைய 3.4 மில்லிமீட்டர் விட்டத்தில் கருவி ஒரு வட்டம் போட்டு, அங்கே நரம்பிழைப் படலம் (பார்வை நரம்பாகச் சேரும் இழைகளின் அடுக்கு) எத்தனை மைக்ரான் தடிமன் என்று அளக்கிறது. அப்புறம் அதை உங்கள் வயதொத்த, நோயில்லாதவர்களின் அளவோடு ஒப்பிடுகிறது. அப்படி நூறு பேரில் படலம் மிக மெலிந்த ஐந்து பேரோடு சேர்ந்தால் மஞ்சள், கடைசி ஒருவரோடு சேர்ந்தால் சிவப்பு. அப்படியானால் நல்ல கண் உள்ள நூறு பேரிலும் ஒருவருக்குச் சிவப்பு வரத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் இருப்பதோ பல கட்டங்கள்; ஏதோ ஒன்று சிவந்துபோவது பெரிய அதிசயம் இல்லை.

இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் தடித்த மைனஸ் கண்ணாடி போட்டவர்கள். மைனஸ் 8 பவர் உள்ள ஒருவரின் வரைபடத்தைப் பாருங்கள். வழக்கமாக டிஸ்கின் மேலும் கீழும் படலம் தடித்திருக்கும். கோட்டில் இரண்டு மேடுகளாகத் தெரியும். இவர் கண் நீளமானது என்பதால் அந்த மேடுகள் இரண்டும் நெற்றிப்பொட்டுப் பக்கம், அதாவது காதை நோக்கி, நகர்ந்திருக்கும். மேடு இருக்க வேண்டிய இடத்தில் கருவி தேடுகிறது, பள்ளம்தான் கிடைக்கிறது, சிவப்பு அடித்துவிடுகிறது. இழைகள் எங்கும் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஒப்பீட்டுக்கு எடுத்த கூட்டத்தில் இவ்வளவு பவர் உள்ளவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள்.

அடுத்தது, படத்தின் தரத்தைப் பார்க்காமல் விடுவது. சில கருவிகளில் படத்தின் தரத்தைக் காட்டும் சிக்னல் எண் 10க்கு 6க்குக் கீழே போனால் அந்த ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டும். கண்புரை, வறண்ட கண், கண்ணின் பாப்பா சின்னதாக இருப்பது எல்லாமே சிக்னலைக் குறைக்கும். குறைந்தால் படலமும் மெலிந்ததாகக் காட்டும். ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு எடுத்தாலே பல நேரம் படம் தெளிந்துவிடும். நடுவில் சிமிட்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். சில சமயம் படலத்தின் ஓரத்தைக் காட்ட கருவி போடும் எல்லைக் கோடு அடியோடு சரிந்து தடிமன் பூஜ்யம் என்று வரும். அந்த எண்ணை நம்பவே நம்பாதீர்கள். நோய் முற்றிய கண்ணிலும் ரத்தக்குழாயும் தாங்கு திசுவும் சேர்ந்து 50 மைக்ரான் சுமாருக்கு மிஞ்சியிருக்கும்.

முற்றிய நோயில் இதே 50 வேறு விதமாக ஏமாற்றும். எண் அதற்குக் கீழே இறங்காது. நோய் நின்றுவிட்டது என்று தோன்றும். அந்த நிலையில், பார்வை எவ்வளவு பரப்புக்குத் தெரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்டைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பச்சை வந்தால்? 110 மைக்ரானில் இருந்தவர் 90க்கு இறங்கியிருந்தாலும் பச்சையாகவே இருக்கலாம். டிஸ்க் ஓரத்தில் கீற்றாக வரும் ரத்தக்கசிவு கிளாக்கோமாவின் முக்கியமான அறிகுறி. தடிமன் அளக்கும் ரிப்போர்ட்டில் அது வராது, டாக்டர் லென்ஸ் வைத்து நேரில் பார்த்தால்தான் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் கோணம் அடைபட்டிருக்கிறதா என்பதும் டிஸ்க் ஸ்கேனுக்குத் தெரியாது, அதற்கு லென்ஸ் வைத்துக் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி தனி. கண் பிரஷர் வழக்கமான எல்லையான 21க்குள் இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மெலிந்ததெல்லாம் கிளாக்கோமாவும் அல்ல. நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டாலும், கட்டி ஏதாவது அழுத்தினாலும் படலம் மெலியும். டிஸ்கின் நடுவே குழிவு அதிகமில்லாமல் டிஸ்க் வெளுத்திருந்தால் டாக்டர் எம்ஆர்ஐ கேட்பது அதனால்தான்.

ஒரு வருஷம் ஒரு கம்பெனி கருவி, அடுத்த வருஷம் இன்னொன்று என்று மாற்றி மாற்றி எடுத்து, இரண்டு எண்ணையும் கழித்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு கருவியும் எல்லையை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும், கழித்தலுக்கு அர்த்தமே இல்லை. முடிந்தவரை அதே கருவியில் எடுங்கள், முதல் ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் மட்டும் வேண்டாம், அதில் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல்.