‘எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’: விஸ்காம் குறும்பட ப்ராஜெக்டில் காட்சியும் ஒலியும் சறுக்கும் இடங்கள்

“எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்”, “டப்பிங்கில் சரிபண்ணிவிடலாம்.” விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டுக் குறும்படங்களின் படப்பிடிப்பில் இந்த இரண்டு பேச்சும் அடிக்கடி காதில் விழும். ப்ராஜெக்டின் பொருளே காட்சி பாணியும் ஒலி வடிவமைப்பும் என்றால், வேலை கெடத் தொடங்குவது இங்கேதான். பாணியும் ஒலியும் பெரும்பாலும் படம் எடுக்கும் அறையிலேயே முடிவாகிவிடுகின்றன.

கலர் கிரேடிங்கைக் காட்சி பாணி என்று எண்ணுவது

கலர் கிரேடிங் என்பது எடிட்டிங்கில் நிறம் திருத்துவது. அதற்காக இணையத்தில் இறக்கிய ஒரு லட் கோப்பை, அதாவது நிறங்களை ஒரே வீச்சில் மாற்றும் கோப்பை, படம் முழுக்கப் போட்டுவிட்டு “எங்கள் பாணி” என்று எழுதிவிடுகிறார்கள். பல லட்கள் ஏதோ ஒரு கேமராவின் லாக் ப்ரொஃபைலுக்காக (பிறகு நிறம் திருத்துவதற்கென்றே வெளிறிய படமாகப் பதியும் அமைப்பு) செய்யப்பட்டவை. சாதாரண ப்ரொஃபைலில் எடுத்த காட்சிமேல் அதைப் போட்டால் நிழல்கள் கறுப்பாக அடைத்துக்கொள்ளும், முகம் செங்கல் நிறமாகும். அதற்குப் பயந்து லாக்கில் எடுத்தாலும் 8 பிட் கேமராவில் (நிறப் படிகளைக் குறைவாகப் பதிவது) வெளிச்சம் குறைவாக எடுத்தால் சுவரிலும் வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். கையில் இருப்பது 8 பிட் என்றால் சாதாரண ப்ரொஃபைலில் முகத்துக்குச் சரியான வெளிச்சம் வைத்து எடுப்பதே மேல்.

படப்பிடிப்புக்கு முன் ஒரே பக்கத்தில் மூன்று முடிவுகளை எழுதுங்கள்: எந்த லென்ஸ், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து, ஃப்ரேமில் எந்த நிறங்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டே விலகிப்போகும் அம்மாவும் மகளும் கதை என்று வையுங்கள். முதல் பாதியில் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ், இருவரும் ஒரே ஃப்ரேமில். பிற்பாதியில் நெருக்கிக் காட்டும் 85 மி.மீ., ஒருவர் இருக்கும் ஃப்ரேமில் மற்றவர் இல்லை. இந்த ஒரு முடிவைக் கடைசிவரை விடாமல் பிடித்தாலே பாணி தெரிய ஆரம்பிக்கும். நிறமும் அப்படித்தான். வெளிர்பச்சைச் சுவரை ஒட்டி நடிகரை நிறுத்தினால் அந்தப் பச்சை கன்னத்தில் ஏறும். கிரேடிங்கில் அதை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி நிறுத்துங்கள். சுவரில் விழும் நிழலும் அதோடு போய்விடும்.

ஆட்டோவை நம்புவது

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை துடிக்கும். போன் தானாக நொடிக்கு 30 ஃப்ரேமும் 1/60 நொடி ஷட்டரும் வைத்துக்கொண்டால் திரையில் பட்டைகள் மெல்ல நகரும். இதை எடிட்டிங்கில் நீக்குவது பெரும்பாடு. 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் என்று கையால் வைத்துவிடுங்கள். நண்பகல் வெயிலில் அதே 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும் என்று ஷட்டரை 1/1000-க்கு ஏற்றினால் நடை வெட்டி வெட்டித் தெரியும். அதற்கு லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர்தான் வழி. போனுக்கும் கிளிப்பில் மாட்டும் ஃபில்டர் கிடைக்கிறது.

வைட் பேலன்ஸையும் (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிற அமைப்பு) மாறாமல் பூட்டுங்கள். ஜன்னல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், மஞ்சள் குண்டு பல்பு 3000-க்குக் கீழே. ஆட்டோவில் விட்டால் நடிகர் அறையைக் கடக்கும்போதே நிறம் மாறும். இரண்டு வெளிச்சமும் கலந்த அறையில் ஒன்றை அணைப்பதா, கலப்பையே பாணியாக வைத்துக்கொள்வதா என்று முன்பே முடிவுசெய்யுங்கள்.

மைக்கைக் கேமராமேல் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது

நேர் எதிரே வரும் ஒலியைப் பிடிக்கும் நீளமான ஷாட்கன் மைக் ஜூம் லென்ஸ்போல ஒலியை இழுத்துக்கொண்டு வராது. பக்கவாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். எட்டடி தூரத்தில் கேமராமேல் அது இருந்தால் வசனத்தோடு அறையின் எதிரொலியும் சேர்ந்தே பதியும். வாயிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடிக்குள், ஃப்ரேமுக்குச் சற்று மேலே மைக் இருக்க வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். சுற்றுச் சத்தம் குறையாது. நம் வீடுகளின் டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் எதிரொலிக்கென்றே அமைந்தவை. ஃப்ரேமில் வராத தரையில் ஜமுக்காளம் விரித்து, சுவரோரம் இரண்டு கனமான போர்வைகளைத் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே கேட்கும்.

ஷாட் ஓடும்போது மின்விசிறி நிற்க வேண்டும், ஃப்ரிட்ஜும் நிற்க வேண்டும். ஃப்ரிட்ஜை அணைத்ததும் பைக் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியை எடுக்கத் திறந்தால், அதைத் திரும்பப் போட வேண்டும் என்பது நினைவுக்கு வரும்.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை நிறுத்துங்கள். அது இருந்தால் வசனங்களுக்கு நடுவே வரும் இடைவெளிகளில் அறைச் சத்தம் மூச்சு வாங்குவதுபோல மேலெழும். காட்சியின் மிகச் சத்தமான வசனத்தை நடிகரைப் பேசவைத்து, மீட்டர் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலை முழுதாக மீட்க முடியாது.

காட்சியையும் ஒலியையும் பிறகு பொருத்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் வேண்டும், கைதட்டலே போதும். கிளாப் சரியாக இருந்தும் போகப்போக உதடு விலகினால், பெரும்பாலும் போன் வீடியோவின் மாறும் ஃப்ரேம் ரேட்தான் காரணம். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான 25 ஃப்ரேமுக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

பெரும்பாலானோர் தவறவிடுவது ரூம் டோன். காட்சி முடிந்ததும் எல்லோரும் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவுசெய்ய வேண்டும். வசனத்தை வெட்டிய ஒவ்வோர் இடத்தையும் அடைக்க இதுதான் சாந்து. அது இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் ஒலி பூஜ்யத்துக்கு விழும். ஸ்பீக்கர் நின்றுபோனதோ என்று அரங்கம் திரும்பிப் பார்க்கும்.

டப்பிங் எளிது என்று நினைப்பது

தமிழ்ப் படங்களில் டப்பிங் நெடுங்காலப் பழக்கம் என்பதால் மாணவர்களும் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்கிறார்கள். டப்பிங்தான் என்று முடிவாகியிருந்தாலும் பைலட் டிராக், அதாவது படப்பிடிப்பிலேயே பதியும் வழிகாட்டி ஒலி, தெளிவாக வேண்டும். படப்பிடிப்பில் வாய் என்ன பேசியது என்பதற்கு வேறு சான்று இருக்காது. குரல் படத்தோடு ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் தூரம். வாயருகே மைக்கை வைத்துப் பேசிய குரலை வாசலில் நிற்பவர் முகத்தில் ஒட்டினால் அது வானொலிக் குரலாகத்தான் கேட்கும். வைட் ஷாட்டுக்கு மைக்கை மூன்றடி தள்ளி வையுங்கள். அறையளவு ரிவெர்ப் (எதிரொலிப்பு) சிறிது சேர்த்து, அடியில் ரூம் டோனை ஓடவிடுங்கள். காலடி, துணி உரசல், டம்ளர் வைக்கும் சத்தம் எல்லாம் ஃபோலியாக, அதாவது படத்தைப் பார்த்துத் தனியே எழுப்பிப் பதிந்த ஒலியாக, வர வேண்டும். இவை இல்லாத டப்பிங்கில் ஆட்கள் காற்றில் மிதப்பதுபோல இருக்கும்.

எங்கோ ஒரு நாட்டின் சத்தத்தை நம் ஊரில் ஒட்டுவது

ஒலி நூலகங்களில் ‘கழுகு’ என்று கிடைப்பது பல நேரம் வட அமெரிக்கச் செவ்வால் பருந்தின் அலறல். நம் வானில் வட்டமிடும் பருந்தின் குரல் அதுவன்று. நம் ஊர்ப் பறவையே ஆனாலும் பருவம் பார்க்க வேண்டும். குயில் கோடையை ஒட்டிய மாதங்களில்தான் மிகுதியாகக் கூவும். மார்கழிக் காலைக் காட்சியில் அது இடைவிடாமல் கூவினால் கிராமத்தில் வளர்ந்தவர் காது ஏற்காது. காட்சி நடக்கும் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போய் ஐந்து நிமிடம் பதிவுசெய்யுங்கள். பால்காரர் வண்டி, பக்கத்து வீட்டு மிக்ஸி, தூரத்து ஒலிபெருக்கி எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். எந்த நூலகமும் இதைத் தராது.

காட்சி சொன்னதையே ஒலியும் சொல்வது

அழும் முகம், அதன்மேல் வயலின், போதாததற்கு மழை. மூன்றும் ஒரே சேதி. சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரோவ் மூவரும் 1928-இல் வெளியிட்ட அறிக்கையே ஒலி காட்சியைப் பின்தொடராமல் அதற்கு எதிர்நிலையில் நிற்கட்டும் என்றது. அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று வையுங்கள். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பங்கரையில் குக்கர் நாலாவது விசில் அடிக்கிறது, ஐந்தாவதும் அடிக்கிறது. யாரும் எழுந்து போகவில்லை. இசை தேவையே இல்லை. மின்வெட்டும் இப்படி ஒரு கருவி: விசிறி சுழன்று ஓய்ந்ததும் அதுவரை கேட்காத தெரு உள்ளே வரும். அமைதி என்பது இப்படி ஒரு சத்தம் விலகும்போதுதான் காதில் படும்.

இதைச் சோதிக்க பிரெஞ்சுத் திரையொலி ஆய்வாளர் மிஷேல் ஷியோன் கற்பித்த பயிற்சி உதவும். முதலில் ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் பாருங்கள், பிறகு திரையை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டிலும் ஒரே விஷயம் கிடைக்கும் இடங்களில் ஒன்றைக் குறைக்கலாம்.

கடைசி இரவில் மிக்ஸிங்

முதலில் வசனம், அடுத்து சுற்றொலியும் ஃபோலியும், கடைசியில் இசை. இசையை முதலில் போட்டால் மற்றதெல்லாம் அதோடு மல்லுக்கட்டும். வசனம் அமுங்கினால் இசை முழுவதையும் குறைக்காமல், ஈக்யூவில் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இசையின் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை மூன்று டெசிபல் மட்டும் இறக்கிப் பாருங்கள். இரைச்சல் நீக்கியை ஒரேயடியாகத் திருகினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். ஐந்தாறு டெசிபல் குறைத்துவிட்டு மீதியைச் சுற்றொலியில் மறையவிடுவது நல்லது. ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிக்காமல், போன் ஸ்பீக்கரிலும் மோனோவிலும் (இடம், வலம் இரண்டும் ஒன்றாகக் கலந்த ஒலி) ஒருமுறை கேளுங்கள். ஒரே குரலை இரண்டு மைக்கில் எடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டியிருந்தால் அது மெலிந்து ஒலிப்பது அங்கே தெரியும்.

ரெக்கார்டில் (ப்ராஜெக்ட் அறிக்கையில்) பொதுவாக எழுதுவது

“சோகத்தைக் காட்ட நீல நிறம் பயன்படுத்தினோம்” என்ற வரியால் மதிப்பெண் வராது. நிமிடக் குறிப்போடு எழுதுங்கள்: “4:12 – அம்மா தனியே, 85 மி.மீ., இடப்பக்க ஜன்னல் ஒளி மட்டும். விசிறிச் சத்தம் 4:20-இல் நிற்கிறது. முதல் எடிட்டில் இசை இருந்தது. விசிறி நின்றது கேட்காததால் எடுத்துவிட்டோம்.” தோற்றுப்போன முயற்சியையும் இதேபோல எழுதலாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும், பதிலும் உங்களிடம் இருக்கும்.

திரையிடலுக்கு முந்தைய நாள் அதே அரங்கில், அதே லேப்டாப்பில் படத்தை ஓட்டிப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வழியாகப் படம் மட்டும் ப்ரொஜெக்டருக்குப் போய், ஒலி லேப்டாப்பிலேயே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். ஆடியோ அவுட்புட்டை எங்கே மாற்றுவது என்று தெரிந்துவைத்துக்கொண்டு, 3.5 மி.மீ. கேபிள் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.