ஒரு சிறுகோளின் பதிவைப் படிப்பது எப்படி

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள முதன்மைப் பட்டையில் சுற்றும் எந்தச் சிறுகோளின் பதிவை எடுத்தாலும், அதில் ஓர் எண், ஒரு பெயர், ஒரு தற்காலிகக் குறியீடு, சுற்றுப்பாதையின் சில அளவுகள் ஆகியவை இருக்கும். 52246 டொனால்ட்ஜோஹான்சன் என்ற சிறுகோளை எடுத்துக்கொண்டு அவற்றைப் படித்துப் பார்ப்போம்.

முதலில் தற்காலிகக் குறியீட்டைப் பாருங்கள். என்னைக் கேட்டால், பெயரைவிட அதிகச் செய்தி அதில்தான் இருக்கிறது. இந்தச் சிறுகோளின் குறியீடு '1981 இ க்யூ 5'. ஆண்டை அடுத்து வரும் ஆங்கில எழுத்து எந்த அரைமாதம் என்பதைச் சொல்கிறது: ஜனவரி முதல் பாதிக்கு 'ஏ', இரண்டாம் பாதிக்கு 'பி' என்று எண்ணிக்கொண்டே போனால், 'இ' மார்ச் முதல் பாதியில் வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் ஆய்வகத்தில் வானியலாளர் எஸ். ஜே. பஸ் இதைக் கண்டுபிடித்த நாள் 1981 மார்ச் 2 என்பதோடு இது பொருந்துகிறது. இரண்டாம் எழுத்து அந்த அரைமாதத்திற்குள் இதன் வரிசையைக் காட்டுகிறது. 'ஐ' என்ற எழுத்தை விட்டுவிடுவதால் ஒரு சுற்றுக்கு 25 எழுத்துகள். 'க்யூ' அதில் பதினாறாவது. இறுதியில் உள்ள 5, ஐந்து முழுச் சுற்றுகள் முடிந்துவிட்டதைக் குறிக்கிறது. ஆகவே 25-ஐ 5-ஆல் பெருக்கி 16-ஐக் கூட்டினால், அந்த அரைமாதத்தில் குறியீடு பெற்றவற்றுள் இது 141-ஆவது என்று தெரிகிறது.

நிரந்தர எண் உடனே கிடைப்பதில்லை. சுற்றுப்பாதை நம்பத்தக்க அளவு உறுதியான பிறகே வழங்கப்படுகிறது. இந்தக் காத்திருப்பின் காரணம் முதல் சிறுகோளின் கண்டுபிடிப்பிலேயே தெரிந்துவிட்டது. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் வானியலாளர் பியாட்சி கண்ட செரஸ், சில வாரக் கவனிப்புக்குப் பின் சூரிய ஒளியில் மறைந்துபோனது; அந்தச் சிறிய பாதைத்துண்டை மட்டும் வைத்து இளம் கணிதவியலாளர் காஸ் செய்த கணக்கே, அவ்வாண்டின் இறுதியில் அதை மீண்டும் கண்டெடுக்க உதவியது. எல்லாச் சிறுகோளுக்கும் ஒரு காஸ் வாய்ப்பதில்லை!

எண் வந்த பிறகுதான் பெயர். அதை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்தாண்டுகள் உண்டு. ஒப்புதல் தருவது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழு. பெயர் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, வணிக விளம்பரமாக இருக்கக் கூடாது. அரசியல், போர் தொடர்பான மனிதர் என்றால் அவர் மறைந்து நூறாண்டு கழிந்திருக்க வேண்டும். நமது சிறுகோளின் பெயர், 1974-இல் 'லூசி' என்ற மனித மூதாதையின் தொல்லெச்சத்தைக் கண்டெடுத்த மானுடவியலாளருக்குரியது. லூசி என்றே பெயர்கொண்ட விண்கலம் 2025 ஏப்ரல் 20 அன்று இதைக் கடந்து சென்றது.

இனிச் சுற்றுப்பாதை. சூரியனிலிருந்து சராசரித் தொலைவான அரைப்பேரச்சு 2.38 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவே ஓர் அலகு). அதன் கனத்தைக் கண்டு (2.38 × 2.38 × 2.38, ஏறத்தாழ 13.5) வர்க்கமூலம் எடுத்தால், கெப்ளரின் மூன்றாம் விதிப்படி சுற்றுக்காலம் ஏறத்தாழ 3.7 ஆண்டுகள் என்று நீங்களே காணலாம். பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீள்கிறது என்பதைக் காட்டும் மையப்பிறழ்ச்சி 0.19, எனவே தொலைவு 1.9 அலகுக்கும் 2.8 அலகுக்கும் இடையே மாறுகிறது. சாய்வு 4 பாகைக்குச் சற்று மேல். பூமியின் சுற்றுத்தளத்திலிருந்து அதிகம் விலகாத பாதை.

அரைப்பேரச்சை 2.5 என்ற எண்ணோடு ஒப்பிட மறக்காதீர்கள். அந்தத் தொலைவில் சுற்றும் பொருள், வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று முறை சுற்றிவிடும். திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் விழும் வியாழனின் ஈர்ப்பு அதன் பாதையை நீட்டி நீட்டிப் பட்டையிலிருந்தே வெளியேற்றிவிடும். பட்டையில் சிறுகோள்கள் அரிதாகக் காணப்படும் கிர்க்வுட் இடைவெளிகளில் ஒன்று அங்கே உண்டானது அதனால்தான். நமது சிறுகோள் அதற்குச் சற்று உட்புறத்தில் இருக்கிறது.

அளவுகளைக் குறித்துக்கொள்ளும்போது அவை எந்த நாளுக்குக் கணக்கிடப்பட்டவை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கோள்களின் ஈர்ப்பால் அவை மெல்ல மாறிக்கொண்டே இருப்பதால், வெவ்வேறு நாள்களுக்குரிய இரண்டு பட்டியல்களின் கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகாமல் இருப்பது பிழையன்று.