தத்தெடுத்த நாய் சேட்டை பண்ணுதா? அதுக்கு யாரு கூலி குடுக்குறாங்கன்னு முதல்ல பாருங்க

போன வருஷம் ஒரு தெரு நாயைத் தத்தெடுத்தோம். பொட்டை, ஒரு வயசு இருக்கும்னு டாக்டர் பல்லைப் பாத்து சொன்னாரு, காது நுனியில ஒரு சின்ன வெட்டு, அதாவது கருத்தடை ஆபரேஷன் ஏற்கெனவே ஆயிடுச்சுன்னு அடையாளம். பேரு பட்டாணி. முதல் வாரத்துலயே ஹால் மூலையில மூத்திரம், அம்மாவோட செருப்புல ஒண்ணு காலி, சாப்பாட்டுத் தட்டு பக்கம் போனா உறுமல், நாங்க வெளிய கிளம்பினா கீழ் வீடு வரைக்கும் கேக்குற ஊளை. துடைப்பத்தைக் கண்டா மட்டும் ஓடிப்போய் கட்டிலுக்கு அடியில பதுங்கிக்குவா. எதிர் வீட்டு அங்கிள் "ரெண்டு போடு போடும்மா, சரியாயிடும்"னாரு. போடல. வேற என்ன பண்ணோம்னு கேக்குறவங்களுக்குத்தான் இது, முதல் தடவை நாய் வளக்குறவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதுறேன்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் அதுலயே வந்துடும். நாய் நம்மள வெறுப்பேத்தணும்னு எதையும் பண்றதில்ல, ஒவ்வொரு சேட்டைக்கும் அதுக்கு ஏதோ ஒரு கூலி கிடைச்சுக்கிட்டு இருக்கு. குரைச்சா கதவு திறக்குது, மேல தாவினா நாம கையால தொடுறோம், உறுமினா பயமுறுத்துற ஆளு தள்ளிப் போறாரு. அந்தக் கூலியை நிறுத்திட்டு, நமக்கு வேண்டிய வேலைக்கு மாத்திக் குடுக்கணும், அவ்ளோதான் ட்ரெய்னிங்.

ஸ்டெப் 1: டாக்டர்

இதை ஸ்கிப் பண்ணாதீங்க. வீட்டுக்குள்ள அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா மூத்திரம் போனா அது சேட்டையா இல்லாம மூத்திரப் பாதையில இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம். தலையைத் தொட்டா கடிக்க வருதுன்னா காதுல சீழ் இருக்கலாம். தெருவுல இருந்து வந்ததுன்னா உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்த டெஸ்ட், பூச்சி மருந்து, ரேபிஸ் ஊசி, பார்வோ, டிஸ்டெம்பர்னு நாய்ங்களுக்கு வர்ற தொத்து நோய்ங்களுக்கான ஊசி எல்லாம் அட்டையில இருக்கான்னு பாருங்க. வலியில இருக்குற நாய்க்கு எந்த ட்ரெய்னிங்கும் ஏறாது.

ஸ்டெப் 2: மூணு நாள் சும்மா விடுங்க

நாய் வளக்குறவங்க மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க. மூணு நாள் பயம், மூணு வாரத்துல வீட்டு நேரம் காலம் பிடிபடும், மூணு மாசத்துலதான் இது நம்ம வீடுன்னு மனசுல படும். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது, ஆனா ரெண்டாவது நாளே "இன்னும் ஷேக் ஹேண்ட் குடுக்க மாட்டேங்குதே"ன்னு புலம்பாம இருக்க உதவும். ஒரு மூலையில பழைய பெட்ஷீட், பக்கத்துல தண்ணி, அந்த இடத்துல யாரும் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது. சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டுறது, உடனே குளிப்பாட்டுறது, தூக்கி வச்சு போட்டோ எடுக்குறது எல்லாம் அப்புறம். அதுவா வந்து மோந்து பாத்தா போதும், நீங்க கையை நீட்டாதீங்க.

ஸ்டெப் 3: ஒரு நோட்டு போடுங்க

பழைய டைரி போதும். சேட்டைக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன பண்ணுச்சு, அதுக்கப்புறம் நாம என்ன பண்ணோம், இந்த மூணை மட்டும் ஒரு வாரம் எழுதுங்க. எங்க நோட்டுல பாதிக்கு மேல "சாயங்காலம், எல்லாரும் டிவி பாத்துட்டு இருந்தோம், செருப்பைத் தூக்கிட்டு ஓடுனா, அம்மா கத்திக்கிட்டே பின்னாடி ஓடுனாங்க"ன்னுதான் இருந்துச்சு. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அவளுக்கு அது ஓடிப்பிடிச்சு விளையாட்டு, அம்மாதான் கூலி. செருப்பை ரேக்குல வச்சு மூடிட்டு, அதே டைம்ல ஒரு தேங்காய் நார்க் கயிறைக் குடுத்து நானே விளையாட ஆரம்பிச்சேன், செருப்பு பிரச்சனை ஒரு வாரத்துல ஓஞ்சது. (உங்களோடது குட்டின்னா நாலுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் பால் பல் விழுற நேரம், எதையாவது கடிச்சே தீரும், கடிக்க உரியதை நீங்களே குடுத்துடுங்க.)

ஸ்டெப் 4: மூத்திரம்

எங்களை ரொம்ப அலையவிட்டது இதுதான். பட்டாணி பொறந்ததுல இருந்து மண்ணுலயே போய்ப் பழகினவ, நாங்க இருக்குறது மூணாவது மாடி, லிஃப்டைப் பாத்தாலே நாலு காலையும் ஊணிக்கிட்டு நின்னுடுவா. கீழ கூட்டிட்டுப் போனா சிமெண்ட் தரை, அங்கயும் போக மாட்டா, அரை மணி நேரம் சுத்திட்டு மேல வந்து ஹாலுக்குள்ள நுழைஞ்ச ரெண்டாவது நிமிஷம் மூலையில போவா. அம்மாவுக்கு வந்த கோவத்தைச் சொல்லவே வேணாம்.

அப்புறம் பண்ணது இதுதான். காம்பவுண்ட் ஓரத்துல வேப்பமரத்தடியில கொஞ்சம் மண் இருக்கு, தினமும் அதே இடம், அதே டைம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல, விளையாடி முடிச்சதும், ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி. அங்க போய் பேசாம நிக்கணும், போன் பாக்காம. அவ போய் முடிச்ச செகண்டே கையில இருந்து ட்ரீட். மேல வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து குடுத்தா கணக்கு தப்பிடும், ஏன்னா லிஃப்ட் ஏறினதுக்குக் கூலின்னு அது நினைச்சுக்கும். ட்ரீட்டுன்னா கடையில வாங்கணும்னு இல்ல, கோழி ஈரலை உப்பு மசாலா இல்லாம வேக வச்சு பொட்டுக்கடலை சைஸ்ல கிள்ளி ஒரு டப்பாவுல வச்சுக்கோங்க. வெங்காயம், சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை இதெல்லாம் நாய்க்கு விஷம், பாயசத்துல இருக்குறதுகூட.

வீட்டுக்குள்ள போயிட்டா? திட்டாதீங்க, மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்காதீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திட்டினா அதுக்கு எதுக்குன்னே தெரியாது, உங்க முன்னாடி போகக் கூடாதுன்னு மட்டும் கத்துக்கிட்டு சோபாவுக்குப் பின்னாடி போகும். பினாயில் வாசனை நம்ம மூக்குக்குத்தான் போதும், நாய்க்கு அடியில இருக்குற பழைய வாசனை தெரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். என்சைம் கிளீனர், அதாவது மூத்திர வாசனையை அடியோட எடுக்குற திரவம், கிடைச்சா நல்லது, இல்லன்னா வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து தொடைங்க. எங்களுக்கு சுமார் மூணு வாரம் ஆச்சு.

நீங்க குனிஞ்சு தொட வரும்போது மட்டும் பயந்து சொட்டு சொட்டா விடுதுன்னா அது வேற கேஸ், பயம். குனியாதீங்க, பக்கவாட்டுல உக்காருங்க, தானா குறையும்.

ஸ்டெப் 5: தட்டுகிட்ட உறுமல்

இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. அங்கிளோட தியரி, "யாரு எஜமான்னு காட்டணும், தட்டைப் புடுங்கி வச்சுட்டு அப்புறம் குடு." இந்த எஜமான் கதைக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. 1947ல ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர் கூண்டுல அடைச்ச ஓநாய்ங்களைக் கவனிச்சு எழுதினாரு, அதுல இருந்துதான் கூட்டத்துக்கு ஒரு தலைவன், அவன் அடக்கி ஆளுவான்ங்குற கதை பரவுச்சு. டேவிட் மெக்னு ஓநாய் ஆராய்ச்சியாளர் 1970ல அந்தக் கதையைப் பிரபலமாக்கினாரு, அப்புறம் காட்டுல இருக்குற ஓநாய்ங்களைப் பல வருஷம் பாத்துட்டு 1999ல அவரே அது சரியில்லன்னு எழுதினாரு, ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் அப்பா அம்மா குட்டிங்கதான்னு. அவரே மாத்திக்கிட்டாரு, நம்ம அங்கிள் மாத்திக்கல.

உறுமல்ங்குறது எச்சரிக்கை. "பக்கத்துல வராத, எனக்குப் பயமா இருக்கு"ன்னு வாயைத் திறந்து சொல்லுது. அதை அடிச்சு நிறுத்தினா பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும், அடுத்த தடவை நேரா கடிதான். தெருவுல ஒரு எலும்புத் துண்டுக்கு நாலு நாயோட சண்டை போட்டு வளந்தவளுக்கு, தட்டுகிட்ட வர்ற யாரும் புடுங்குற ஆள்தான். அதனால நாம புடுங்குறவங்க இல்ல, போடுறவங்கன்னு காட்டணும்.

முதல் சில நாள் அவ சாப்பிடும்போது நான் ஆறேழு அடி தள்ளி நின்னு ஒரு ஈரல் துண்டைத் தட்டு பக்கமா வீசிட்டுத் திரும்பி நடந்துடுவேன். உறுமாத தூரம் எதுவோ அங்கதான் நிக்கணும், உடம்பு விறைச்சு தலையைத் தட்டுக்குள்ள புதைச்சுக்கிட்டு வேக வேகமா முழுங்கினாலே நீங்க கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், ஒரு அடி பின்னாடி போங்க. தலையைத் தூக்கி நம்மளை எதிர்பாத்து வாலை ஆட்டுனா, மறுநாள் அரை அடி முன்னாடி. இப்படியே போய் ஒரு மாசத்துக்கு அப்புறம் தட்டுலயே போட முடிஞ்சது. எலும்பு மாதிரி எதையாவது வாயில வச்சிருந்தா புடுங்காம, அதைவிட ருசியா ஒண்ணைக் காட்டி பண்டமாத்து பண்ணுங்க, முடிஞ்சா வாங்கினதைத் திருப்பியும் குடுங்க. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா இதுல எதையும் அவங்களை வச்சு செய்யாதீங்க, சாப்பாடு தனி ரூம்ல, கதவு சாத்தி.

ஸ்டெப் 6: தனியா விட்டா ஊளை

பழைய போன்ல வீடியோ ஆன் பண்ணிட்டு வெளிய போய்ப் பாருங்க. கொஞ்ச நேரம் குரைச்சுட்டு படுத்துட்டா போர் அடிக்குது. எச்சில் ஒழுக, கதவைப் பிறாண்டி, நிக்காம நடந்துக்கிட்டே இருந்தா அது பயம், அதுக்கு டாக்டர்கிட்ட பேசுறது நல்லது, தேவைப்பட்டா மருந்தும் உண்டு.

பட்டாணிக்கு சாவிக்கொத்து சத்தம் கேட்டாலே ஆரம்பிச்சுடும். அதனால தினம் ஏழெட்டு தடவை சாவியை எடுத்து ஆட்டிட்டு சோபாவுல உக்காந்தேன். அந்தச் சத்தத்துக்கு அர்த்தமே இல்லாம போனதும், கதவுக்கு வெளிய அஞ்சு செகண்ட், அப்புறம் இருபது, ஒரு நிமிஷம், நடுவுல திரும்பவும் பத்து செகண்ட். குரைச்சுட்டு இருக்கும்போது மட்டும் திறக்காம, அமைதியான ஒரு நொடியில திறங்க. ஒண்ணு சொல்லிடுறேன், கூலியை நிறுத்தினதும் சேட்டை முதல்ல ஜாஸ்தியாகும், குறையாது. நேத்து வரைக்கும் குரைச்சா திறந்த கதவு இன்னிக்கு ஏன் திறக்கலன்னு இன்னும் சத்தமா குரைக்கும், அப்ப நீங்க பொறுக்க முடியாம திறந்தீங்கன்னா "ஓ, இவ்ளோ சத்தம் போடணும் போல"ன்னு கத்துக்கும். அதனாலதான் அஞ்சு செகண்ட்ல இருந்து ஆரம்பிக்கணும், குரைக்கவே வாய்ப்பு குடுக்காம. கீழ் வீட்டு அக்காகிட்ட முன்கூட்டியே சொல்லி ரெண்டு வாரம் பொறுத்துக்கச் சொன்னேன், கூடவே கொஞ்சம் முறுக்கும் குடுத்தேன்.

மீதி சின்னது

மேல தாவுனா கையைக் கட்டிக்கிட்டு முதுகைக் காட்டுங்க, நாலு காலும் தரையில பட்டதும் தடவுங்க, வர்ற விருந்தாளிக்கும் இதே ரூல். லீஷை இழுத்தா அங்கயே நின்னுடுங்க, லூஸ் ஆனதும் நடங்க, முதல் நாள் தெருமுனை வரைக்கும்கூடப் போக மாட்டீங்க, பரவால்ல. கழுத்துப் பட்டையைவிட, நெஞ்சைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ் நல்லது.

எவ்ளோ கவனமா இருந்தாலும் கடிச்சுடுச்சுன்னா, ஊசி போட்ட நாய்தானேன்னு இருக்காதீங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ரேபிஸ் ஊசி இலவசம்தான், சொன்ன தேதிக்கெல்லாம் போய் முழுசா போட்டுக்கோங்க. ரத்தம் வர்ற அளவுக்குக் கடிக்குற நாயை இந்த மாதிரி எழுதினதைப் படிச்சு நீங்களே சரி பண்ணப் பாக்காம, அடிக்காம சொல்லித்தர்ற ட்ரெய்னரா பாத்துக் கூப்பிடுங்க.

துடைப்பம் மட்டும் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. ஹாலோட அந்தக் கோடியில துடைப்பத்தைப் படுக்க வச்சுட்டு இந்தக் கோடியில சோறு வைப்பேன், வாரத்துக்கு ஒரு டைல்ஸ் கிட்ட நகத்துறேன். இப்ப நாலு டைல்ஸ் தூரம். அம்மா அதுவரைக்கும் அவ தூங்குற நேரம் பாத்துதான் வீடு பெருக்குறாங்க.