பலடின் பூஸ்ட் வாங்கிய மாமா சொல்வது

அக்கா மகன் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமில் ஊறிப்போனவன். 2020-இல் ஒரு நாள், "மாமா, டேங்க் இல்லாம நிக்கிறோம், பூஸ்ட் வாங்கிட்டு வந்துருங்க" என்றான். டேங்க் என்றால் எதிரிகளின் அடியைத் தான் வாங்கிக் குழுவைக் காப்பவர்; பூஸ்ட் என்றால் காசு கொடுத்து லெவல் ஏற்றுவது. வாங்கினேன். பலடின் என்ற டேங்க் ஜாப் நொடியில் லெவல் 70. ஆனால் அவன் கூப்பிட்ட டஞ்சன் (குழுவாகப் போய்ச் சண்டை போடும் இடம்) எனக்குப் பூட்டியே கிடந்தது.

இந்த கேமில் லெவல் வேறு, கதை வேறு. 'டேல்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' என்று விற்பதில் இரண்டு வகை. ஒன்று, ஒரு ஜாபின் (பலடின் போன்ற போர்வேடத்தின்) லெவலை மட்டும் ஏற்றும். மற்றது, மெயின் ஸ்டோரியை ஒரு கட்டம் வரை முடித்ததாகக் கணக்கு எழுதிவிடும். டஞ்சனுக்கும் புது ஊர்களுக்கும் சாவி கதையிடம்தான் இருக்கிறது. நான் முதல் வகையை வாங்கிவிட்டு, பிறகு இரண்டாவதற்கும் அழுதேன்.

அதனால் கார்டை எடுக்கும் முன், உங்கள் மெயின் ஸ்டோரி குவெஸ்ட் எங்கே நிற்கிறது, நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். தூரம் அதிகமென்றால் கதைத் தாவல் வாங்கலாம். கதையை விளையாடியே வரப்போகிறவருக்கு ஜாப் பூஸ்ட் தண்டச்செலவு. ஒரு ஜாப் ஏறுவதற்கு வேண்டிய எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) அந்தக் குவெஸ்ட்களிலேயே கிடைத்துவிடும். இலவச ட்ரையலில் இருப்பவர்கள் அங்கேயே இருங்கள்: லெவல் 70 வரை, நாள் கணக்கு கிடையாது. ஒருமுறை முழு கேமுக்குக் காசு கட்டினால் அந்தக் கணக்கு ட்ரையலுக்குத் திரும்பாது.

எந்த ஜாப் என்று வாங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். சில ஜாப்கள் தாமாகவே உயரத்தில்தான் தொடங்கும்: சாமுராய், ரெட் மேஜ் 50, கன்பிரேக்கர், டான்சர் 60, ரீப்பர், சேஜ் 70. அவற்றைத் திறக்கக் கையில் அந்த லெவலில் ஏற்கெனவே ஒரு ஜாப் இருக்க வேண்டும்.

வாங்கியாயிற்றா? உடனே டஞ்சனுக்கான க்யூவில் நிற்காதீர்கள். நான் நின்றேன். சோம் ஆல் டஞ்சன், முதல் கூட்டம். வாளைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தேன்; எதிரிகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குழுவைக் குணப்படுத்தும் ஹீலரை மொய்த்தன. அவர் செத்தார், பிறகு மற்ற இருவர், கடைசியில் நான். சாட்டில் மருமகன் தட்டியது ஒரே வரி: "மாமா, ஸ்டான்ஸ்!" பலடினின் ஸ்டான்ஸான அயர்ன் வில் என்ற ஸ்கில்லைப் போட்டால்தான் எதிரிகள் டேங்கைப் பிடிக்கும். சாதாரணமாக விளையாடி வருபவருக்கு லெவல் 10-இலேயே அது கைவந்துவிடும். எனக்கு முப்பது பொத்தான்கள் ஒரே நாளில் வந்து விழுந்ததில் அது எங்கோ மூலையில் கிடந்தது.

பொத்தான்களைப் பழக நான் பிறகு செய்தது: ஹாட்பார் (திரையிலுள்ள பொத்தான் வரிசை) முழுவதையும் காலி செய்தேன். ஸ்கில் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் லெவல் எண் இருக்கும். 15 வரை உள்ளவற்றை மட்டும் எடுத்து வைத்தேன். சஸ்தாஷா போனேன், லெவல் 15 டஞ்சன். நம்மை டஞ்சனின் லெவலுக்கு இறக்கும் லெவல் சிங்க், அதற்கு மேலே உள்ள ஸ்கில்களைத் தானே மறைத்துவிடும். அடுத்து 24-இல் டோட்டோ-ராக், 32-இல் பிரேஃப்ளாக்ஸ், 41-இல் ஸ்டோன் விஜில் என்று ஏற ஏறப் புதுப் பொத்தான்களைச் சேர்த்தேன். இப்போது டியூட்டி சப்போர்ட் இருக்கிறது. கேமின் பாத்திரங்களே கூட வருவார்கள், திட்ட மாட்டார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாலைந்து முகம் தெரியாத ஹீலர்கள் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இன்றும் என் ஹாட்பாரில் முதல் கட்டம் அயர்ன் வில்லுக்குத்தான்.