'பசு வளையம்' எந்தெந்த மாநிலங்கள்: வரைபடத்தில் குறிக்கும் முறை

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் 'பசு வளைய மாநிலங்கள்' என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. அதன் எல்லை எதுவென்று எந்த அரசாணையும் வரையறுக்கவில்லை. இந்தி பேசும் வட, மத்திய இந்தியப் பகுதிக்கு அரசியல் எழுத்தாளர்கள் சூட்டிய பட்டப்பெயர் அது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், பள்ளியில் சமூக அறிவியல் நடத்துபவர்களும் இப்பகுதியை வரைபடத்தில் தாமே குறித்துப் பார்ப்பதற்கான வழி இங்கே தரப்படுகிறது.

எழுதுபொருள் கடையில் மாநில எல்லைகள் மட்டும் அச்சிட்ட இந்திய அவுட்லைன் மேப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய இருப்பைக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் தெலங்கானா தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. இரண்டு நிறப் பென்சில்கள் போதும்.

குறிக்கத் தொடங்குமுன் மாடுகளின் எண்ணிக்கையை மனத்திலிருந்து ஒதுக்கிவிட வேண்டும். பெயரை நம்பிக் கால்நடைக் கணக்கெடுப்பைத் தேடிப் போகிறவர்கள் முதல் அடியிலேயே தடம் மாறுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் எருமை நீங்கலான மாடுகள் மிக அதிகமாக இருந்த மாநிலம் மேற்கு வங்கம்; அதை யாரும் பசு வளையத்தில் சேர்ப்பதில்லை. வளையத்தின் நடுவில் இருக்கும் உத்தரப் பிரதேசத்திலோ மாடுகள் சுமார் 1.9 கோடி என்றால் எருமைகள் 3.3 கோடி. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்டுக்கு ஊரின் பெயர் வந்ததில் பொருத்தம் இருக்கிறது. இந்த வளையத்துக்கு மாட்டின் பெயர் வந்ததற்கு மந்தையின் அளவு காரணமன்று, பசுவுக்கு அங்குள்ள சமய மதிப்பும் அதைச் சுற்றி நடக்கும் அரசியலுமே காரணம்.

பசுவதைத் தடைச் சட்டத்தை அளவுகோலாகக் கொண்டாலும் கணக்கு ஒத்துவராது. குஜராத்தில் 2017-இல் ஆயுள் தண்டனை வரை விதிக்கும் திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஓசூரிலிருந்து எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகம். அங்கும் 2021-இல் கடுமையான சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் வளையத்துக்கு வெளியே நிற்பவை.

இனி அழுத்தமான நிறத்தை எடுத்து உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய நான்கையும் நிரப்புங்கள். இவற்றைப் பற்றி எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மக்கள்தொகை ஆய்வாளர் ஆசிஷ் போஸ் 1980-களில் 'பிமாரு' (மாநிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சொல்) என்று பெயரிட்டதும் இதே நான்கு மாநிலங்களைத்தான் என்றாலும், அவர் பேசியது வளர்ச்சியின் பின்தங்கலைப் பற்றி. இரு பெயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவது சரியாகாது.

அடுத்து மெல்லிய நிறத்தில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், உத்தராகண்ட், ஹரியானா ஆகியவற்றைத் தீட்டுங்கள். டெல்லியும் இமாச்சலப் பிரதேசமும்தான் தகராறு. இந்தி வழங்கும் இடங்கள் என்பதால் சிலர் சேர்க்கிறார்கள். தலைநகர் வேறு, மலை மாநிலம் வேறு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இவற்றுக்குக் கோடு மட்டும் போட்டு வைப்பதே என் வழக்கம். மக்களவைத் தொகுதிகளைக் கூட்டிப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் பயன் விளங்கும். அழுத்தமான நான்கில் 80, 40, 29, 25 எனச் சேர்ந்து 174, மெல்லிய நிறத்து நான்கில் 14, 11, 5, 10 எனச் சேர்ந்து 40, ஆக 214. டெல்லியின் 7, இமாச்சலத்தின் 4 சேர்ந்தால் 225 ஆகிவிடும். 543 இடங்கள் கொண்ட அவையில் ஒரு கட்டுரை 214 என்றும் மற்றொன்று 225 என்றும் எழுதினால், இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டாமல், எந்தெந்த மாநிலங்களைக் கணக்கில் எடுத்தார்கள் என்று தேட வேண்டும்.

வெளியே விட வேண்டியவை பஞ்சாப், குஜராத், மகாராஷ்டிரம், ஒடிசா, மேற்கு வங்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவர் அனைவரையும் 'இந்திக்காரர்' என்று சொல்லும் பழக்கம் நம் பக்கம் இருப்பதால் இந்த இடத்தில்தான் பிழை மிகுதியாக வருகிறது. ஒடிசாவிலிருந்து வந்தவரின் தாய்மொழி பெரும்பாலும் ஒடியா. அவர் உங்களோடு இந்தியில் பேசுவது அது பொது வழக்கு என்பதால்தான்.

ஆண்டைக் கவனிக்காத வரைபடம் பயன்படாது. 2004-க்கு முந்திய நூலொன்றில் 'தருமபுரி மாவட்டம்' என்று படித்தால் அதற்குள் ஓசூரும் ஊத்தங்கரையும் அடக்கம் என்று நாம் புரிந்துகொள்கிறோம் அல்லவா? அதே விழிப்பு இங்கும் வேண்டும். 2000 நவம்பரில் மத்தியப் பிரதேசத்திலிருந்து சத்தீஸ்கரும், உத்தரப் பிரதேசத்திலிருந்து இன்றைய உத்தராகண்டும், பீகாரிலிருந்து ஜார்க்கண்டும் பிரிந்தன. 1977 தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸ் ஒன்றைக்கூடப் பெறவில்லை என்று படிக்கும்போது, இன்றைய 80-உடனும் 40-உடனும் அப்படியே ஒப்பிடக் கூடாது. உத்தராகண்டின் 5-ஐயும் ஜார்க்கண்டின் 14-ஐயும் கூட்டிக்கொண்டால் கணக்கு நேராகும். ஹரியானா 1966 நவம்பர் 1-இல்தான் பஞ்சாபிலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்திய காலத்துக்கு அந்த மாநிலத்தைத் தனியே தீட்ட இடமில்லை. எனவே வரைபடத்தின் ஓரத்தில் எந்த ஆண்டுக்குரியது என்று எழுதி வையுங்கள்.

வரைபடம் முடிந்த பின், கட்டுரையில் இப்பெயரைக் கையாளும் முறையையும் யோசிக்க வேண்டும். அந்த மாநிலத்தவர் பலருக்கு இது இளக்காரமாகவே கேட்கும். 2023 டிசம்பரில் அப்போதைய தருமபுரி மக்களவை உறுப்பினர் செந்தில்குமார் இந்தி மாநிலங்களைப் பசுவின் சிறுநீரோடு சேர்த்துக் குறிப்பிட்டதும், அவையில் எழுந்த கண்டனத்தின் பின் அச்சொல்லைத் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவித்ததும் நம் மாவட்டத்தில் பலருக்கும் நினைவிருக்கும். 'பசு வளையம்' அந்த அளவுக்குக் கடுமையானதன்று என்றாலும், நடுநிலையான பெயரும் அன்று. ஒருவர் சொன்னதை எடுத்துக்காட்டும்போது மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் 'இந்தி பேசும் வட மாநிலங்கள்' என்று எழுதி, முதன்முறை வரும் இடத்திலேயே எவை எவை என்று பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுங்கள். டெல்லியையும் இமாச்சலத்தையும் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.