கன்சோலில் நெட் தகராறா? புது ரவுட்டர் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கன்சோலில் ஆன்லைன் ஆட ஆரம்பித்தவர்கள் நெட் பிரச்சினை என்று வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு எங்கள் கூட்டத்தில் எல்லோரும் எந்த வரிசையில் தடுமாறினோமோ, அதே வரிசையில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள். முதலில் டிஎன்எஸ்ஸை (பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) மாற்றுவது, அப்புறம் போர்ட் (வெளியிலிருந்து வரும் டேட்டாவுக்கு ரவுட்டரில் இருக்கும் எண்ணிட்ட வாசல்) திறப்பது, அதுவும் பலிக்காவிட்டால் காசைக் கொட்டிப் புது ரவுட்டர் வாங்குவது. கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

ரவுட்டரை அணைத்துப் போடுவது, பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது, கேபிள் கழன்றிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சர்வர் படுத்திருக்கும்போது ரவுட்டரை நோண்டுவது

2025 பிப்ரவரி 7, 8 தேதிகளில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க முடங்கிக் கிடந்தது. 2011 ஏப்ரலில் ஊடுருவல் நடந்தபோது மூன்று வாரத்துக்கும் மேல் மூடியே வைத்திருந்தார்கள். அந்த மாதிரி நாளில் வீட்டில் எதை மாற்றினாலும் பலன் இல்லை. சும்மா இருந்தால் தானாகச் சரியாகிவிடும். அவசரப்பட்டு நாலு செட்டிங்கை மாற்றி வைத்தால், சர்வர் எழுந்த பிறகும் உங்களுக்கு மட்டும் வேலை செய்யாது.

சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றுமே சர்வர் நிலவரத்துக்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதைத் திறந்து பாருங்கள். ஒரு கேம் மட்டும் வராமல் மற்றதெல்லாம் ஓடினால், அந்த கேமின் சர்வரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்பீடு டெஸ்ட்டை மட்டும் நம்புவது

“ஸ்பீடு டெஸ்ட்ல 200 காட்டுது, ஆனா ஆட்டத்துல லேக் அடிக்குது” என்று அடிக்கடி கேட்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆட்டத்தின்போது போய் வருகிற டேட்டா மிகக் கொஞ்சம். ஒவ்வொரு பாக்கெட்டும் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரம் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் எத்தனை தொலைகிறது என்பதுதான் அங்கே கணக்கு. 200 எம்பிபிஎஸ் லைனில் பிங், அதாவது அந்தப் போய்வரும் நேரம், 30க்கும் 300 மில்லி செகண்டுக்கும் இடையே குதித்தால், நீங்கள் சுட்ட குண்டு எதிராளி ஓடிப்போன பிறகுதான் அவன் நின்ற இடத்துக்குப் போகும்.

எம்பிபிஎஸ் முக்கியமாவது டவுன்லோடில்தான். அங்கேயும் அது மெகாபிட் கணக்கு, மெகாபைட்டில் தெரிய 8ஆல் வகுத்துப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. 100 ஜிபி கேம் ஒன்று முழு வேகத்தில் இறங்கினாலும் 2 மணி 13 நிமிடம் பிடிக்கும், அது கோளாறு இல்லை. இன்னொன்று, பிஎஸ்4இல் ஏதாவது கேம் திறந்து கிடந்தால் டவுன்லோட் மந்தமாகிவிடும். அந்த கேமை மூடிவிட்டுப் பாருங்கள்.

லேக்குக்குச் சரியான சோதனை இதுதான். கன்சோல் இருக்கும் அதே இடத்தில் ஒரு லேப்டாப்பை வைத்து, அதே வைஃபையில் சேருங்கள். இரண்டு கமாண்ட் சன்னல் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் அது 192.168.1.1, தொடர்ந்து பிங் விடுங்கள். இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கு விடுங்கள். இரண்டையும் ஓடவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்.

ரவுட்டருக்கே போய்வரும் நேரம் ஏறி இறங்கினால், பிரச்சினை வீட்டுக்குள், வைஃபையில். ரவுட்டர் வரை 2, 3 மில்லி செகண்ட் என்று நிலையாக இருந்து வெளியே போவது மட்டும் குதித்தால், லைன் பக்கம் பாருங்கள். வீட்டில் யாராவது ஃபோட்டோ, வீடியோவை அப்லோட் பண்ணும்போது மட்டும் குதிக்கிறதா? அப்லோட் பாதை நிரம்பி, உங்கள் பாக்கெட்டுகள் ரவுட்டரில் வரிசையில் நிற்கின்றன. எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் கியூஓஎஸ் வசதி ரவுட்டரில் இருந்தால், அப்லோட் உச்சவரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டிப்போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். வீட்டில் யாருமே நெட்டைத் தொடாதபோதும் இரவானால் குதிக்கிறது என்றால், அது சேவை கொடுப்பவர் சரிசெய்ய வேண்டியது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள்.

பழைய பெட்டிக்குப் பின்னால் புது ரவுட்டரைச் சொருகுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற தவறுகளில் நேரம்தான் போகும். இதில் காசும் போய், பிரச்சினையும் முன்னைவிட மோசமாகிறது. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஏனென்றால் தவறு முழுக்க வாங்கியவர் மேல் இல்லை.

தெரிந்த தம்பி ஒருவன் கூப்பிட்டான். “அண்ணா, கேமிங் ரவுட்டரே வாங்கிட்டேன். ஆனா இப்பதான் இன்னும் மோசம். பார்ட்டில யார் பேசறதும் கேக்கல, ஃப்ரெண்ட்ஸ் ரூம்ல சேரவே முடியல.” வீட்டுக் கருவிகளை எல்லாம் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் ரவுட்டர் வைப்பதுதான் நாட். வெளியிலிருந்து கன்சோலை எவ்வளவு எளிதாக அடையலாம் என்று நாட் டைப் சொல்லும். எக்ஸ்பாக்ஸில் அது முன்பு மாடரேட் என்று இருந்தது, இப்போது டபுள் நாட், அதாவது இரண்டு நாட், என்று எச்சரிக்கை காட்டுகிறது. அவனும் சும்மா இல்லை. வீடியோ பார்த்துப் பார்த்து எக்ஸ்பாக்ஸ் பயன்படுத்தும் 3074 போர்ட்டைத் திறந்திருந்தான், கன்சோல் கேட்டால் ரவுட்டரே போர்ட் திறந்து தரும் யுபிஎன்பியை ஆன் செய்திருந்தான், கன்சோலுக்கு நிலையான ஐபியும் கொடுத்திருந்தான். எல்லாமே முறைப்படி சரி.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். யுபிஎன்பி பட்டியலில் கன்சோலின் பெயரும் 3074 என்ற எண்ணும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. ஆனால் அதற்கு மேலே, இன்டர்நெட் ஐபி என்ற வரிக்கு எதிரே 192.168.0.5 என்று இருந்தது. அந்த ஒரு வரியிலேயே விஷயம் முடிந்துவிட்டது.

192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படியே, உள் நெட்வொர்க்குகளுக்கு மட்டும் ஒதுக்கியவை. ரவுட்டரின் வெளி முகவரியே இந்த வகை என்றால், அதற்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் நிற்கிறது என்று அர்த்தம். அவன் வீட்டில் அது வேறு எதுவும் இல்லை, சேவை கொடுப்பவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டிதான். அதுவும் ஒரு முழு ரவுட்டர்.

வாசலில் ஒரு காவலாளி, தெருமுனை கேட்டில் இன்னொரு காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் வருவார், உள்ளே விடுங்கள் என்று வாசலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டீர்கள். தெருமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது, நண்பரை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். கன்சோல் கேட்டுக்கொண்டபடி புது ரவுட்டர் வழியைத் திறந்துவிட்டது. வெளிப்பெட்டிக்கு அந்தச் செய்தி போகவே இல்லை.

புது ரவுட்டரோடு வரும் தாளில் “மோடத்திலிருந்து வரும் கேபிளை இந்தத் துளையில் சொருகவும்” என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். மோடம் வெறும் மோடமாக இருந்த காலத்தில் அது சரி. இப்போது வீடுகளில் இருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றையும் ஒன்றாக வைத்திருக்கின்றன. கேமிங் என்று பெட்டி மேல் பெரிதாகப் போடுகிறவர்கள், இந்த ஒரு விஷயத்தை இரண்டு வரியில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

சரி, ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள். மூன்று வழிகள் இருக்கின்றன.

எளிதானது, புது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுவது. வைஃபை தருகிற வேலையை மட்டும் அது பார்க்கும், முகவரி கொடுப்பதும் போர்ட் திறப்பதும் பழைய பெட்டியிடம் இருக்கும். பழைய பெட்டியில் யுபிஎன்பி ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கியூஓஎஸ் போன்ற வசதிகள் பெரும்பாலும் இந்த மோடில் கிடைக்காது. அவற்றுக்காகவே வாங்கியிருந்தால் இது உங்களுக்கு ஒத்துவராது.

இரண்டாவது, பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுவது, அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் மோடமாக இருக்க வைப்பது. இதுதான் எனக்குப் பிடித்த வழி. ஆனால் கை வைப்பதற்கு முன் சேவை கொடுப்பவரிடம் பேசுங்கள். பல இடங்களில் லைனில் லாகின் செய்வதற்கான பிபிபிஓஇ பயனர்பெயர், பாஸ்வேர்டு, சேவை கொடுப்பவர் லைனுக்குத் தரும் விலேன் எண் ஆகியவற்றைப் புது ரவுட்டரில் நீங்களே போட வேண்டியிருக்கும். அவை கையில் இல்லாமல் மாற்றினால் வீடு முழுக்க நெட் போய்விடும். அந்தப் பெட்டியிலேயே லேண்ட்லைனோ டிவியோ இணைத்திருந்தால், அவை தொடர்ந்து வேலை செய்யுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பிரிட்ஜ் மோடு தர மாட்டோம் என்றால் மூன்றாவது வழி. பழைய பெட்டியின் டிஎம்இசட்டில் புது ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள், இங்கே 192.168.0.5. வெளியிலிருந்து வருவதெல்லாம் நேராகப் புது ரவுட்டருக்கு வந்துவிடும், அதன் ஃபயர்வால் வழக்கம்போலக் காவல் நிற்கும். இரண்டு பெட்டியும் ஒரே முகவரி வரிசையில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டுமே 192.168.1.1 என்றால் ஒன்றை மாற்றியாக வேண்டும்.

அந்தத் தம்பி வீட்டில் ஆக்சஸ் பாயின்ட் மோடு போட்டதும் டபுள் நாட் எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் லேக் போகவில்லை. தேடிப் பார்த்தால், பழைய பெட்டியின் வைஃபை இன்னும் ஆனில் இருந்தது. கன்சோலுக்குப் பழைய பாஸ்வேர்டு நினைவில் இருந்ததால், மோடு மாற்றிய பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அடுத்த அறையில் இருந்த அந்தப் பழைய வைஃபையிலேயே போய் ஒட்டிக்கொண்டது. புது ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தும் கன்சோல் அப்புறம் அதைத் தொடவே இல்லை. பழைய வைஃபையை அணைத்தோம், கன்சோலில் அந்தப் பெயரை அழித்தோம். அதன் பிறகுதான் முழுதாகச் சரியானது.

ஸ்ட்ரிக்ட் என்று பார்த்ததும் எல்லாப் பழியையும் நாட் மேல் போடுவது

நாட் டைப் கெடுப்பது ஒரு கன்சோல் இன்னொரு கன்சோலோடு நேராகப் பேச வேண்டிய இடங்களைத்தான்: பார்ட்டி சாட், நண்பர் நடத்தும் ரூம் போன்றவை. எக்ஸ்பாக்ஸில் ஓப்பன் எல்லோரோடும் சேரும், மாடரேட் ஓப்பனோடும் மாடரேட்டோடும் சேரும், ஸ்ட்ரிக்ட் ஓப்பனோடு மட்டும் சேரும். டவுன்லோட் மெதுவாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் 3074ஐக் கையால் திறந்து வைக்காதீர்கள். ஒரு போர்ட்டை ஒரு கருவிக்குத்தான் திருப்ப முடியும், இன்னொன்று வெளியே நிற்கும். யுபிஎன்பியிடம் விட்டுவிடுங்கள்.

பிளேஸ்டேஷனில் டைப் 2ஐ டைப் 1 ஆக்கப் பாடுபடுவது

வேண்டாம். டைப் 1 என்றால் ரவுட்டர் இல்லாமல் நேராக நெட்டில் இருப்பது, டைப் 2 என்றால் ரவுட்டருக்குப் பின்னால் ஒழுங்காக இருப்பது. டைப் 2 போதும்.

கன்சோலையே டிஎம்இசட்டில் போடுவது

கடைசி முயற்சியாக ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம். அப்படியே விட்டுவிடாதீர்கள்.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று நம்புவது

குறையாது. பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித் தருவது மட்டும்தான் டிஎன்எஸ்ஸின் வேலை. முகவரி கிடைத்த பிறகு ஆட்டத்தில் அதற்குப் பங்கே இல்லை. டிஎன்எஸ் பிழை என்றே கன்சோல் சொன்னால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். யாரோ வீடியோவில் சொன்ன ஊர் பேர் தெரியாத எண்களை மட்டும் போடாதீர்கள். நீங்கள் எந்தப் பெயரைக் கேட்டாலும் எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்யும் உரிமையை அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள்.

கன்சோலால் முடியாததை அதனிடம் கேட்பது

2013இல் வந்த முதல் பிஎஸ்4இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் வரவில்லை என்று ரவுட்டரைக் குறை சொல்பவர்கள் பலர். 2016இல் வந்த ஸ்லிம், ப்ரோ இரண்டிலும் அது இருக்கிறது. 2017 ஸ்விட்ச்சின் டாக்கில் லேன் துளை கிடையாது, தனியாக யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். ஓலெட் மாடலின் டாக்கில் உண்டு.

லேன் கேபிளுக்கு மாறுவது எப்போதுமே நல்லது. ஆனால் உங்கள் லைன் அதைவிட வேகமாக இருந்தும், கேபிள் போட்ட பிறகு வேகம் 94, 95 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். 1000க்கு உள்ளே இருக்கும் நாலு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். 100க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் நிற்காது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும்.

ரவுட்டரின் பின்னால் இருக்கும் ஊசித்துளையைக் குத்துவது

அது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். பிபிபிஓஇ விவரம் உட்பட எல்லாம் அழிந்துபோகும்.

எம்டியு எண்ணை மாற்றுவது

ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று சொல்லும் எண் அது. தொடாதீர்கள்.

வெளியே இருக்கும் பூட்டை வீட்டுக்குள் திறக்கப் பார்ப்பது

டபுள் நாட் இல்லை, வீட்டில் ஒரே பெட்டிதான், யுபிஎன்பியும் ஆனில் இருக்கிறது. ஆனாலும் ஸ்ட்ரிக்ட்தான் காட்டுகிறது என்றால், ரவுட்டர் நிலைப் பக்கத்தின் அதே இன்டர்நெட் ஐபி வரியை மறுபடி பாருங்கள். முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் லைன் சிஜிநாட்டில் இருக்கிறது. ஐபிவி4 முகவரிகள் பற்றாமல் போனதால், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க 2012இல் இந்த வரிசையை ஒதுக்கினார்கள். சிலர் இதற்கு 10இல் தொடங்கும் முகவரியும் கொடுப்பதுண்டு. பிரவுசரில் உங்கள் பொது ஐபியைத் தேடிப் பார்த்து, அந்த எண்ணும் ரவுட்டர் காட்டும் எண்ணும் வேறாக இருந்தால் இதே கதைதான்.

இந்த நிலையில் போர்ட் திறப்பது, டிஎம்இசட், புது ரவுட்டர் எதுவுமே உதவாது. இரண்டாவது காவலாளி சேவை கொடுப்பவரின் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர்களைக் கூப்பிட்டு “நெட் ஸ்லோ” என்று சொல்லாதீர்கள், ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். “என் லைன் சிஜிநாட்டில் இருக்கிறது, பொது ஐபி வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?” என்று நேராகக் கேளுங்கள். தர முடியாது என்றால் ஐபிவி6 (முகவரிகள் ஏராளமாக இருக்கும் புது முறை) உண்டா என்று கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஐபிவி6ஐப் பயன்படுத்தும், இரண்டு பக்கமும் அது இருந்தால் சிஜிநாட் குறுக்கே வராது. ரவுட்டரிலும் ஐபிவி6 ஆனில் இருக்க வேண்டும். பல மாடல்களில் அது அணைத்தே வருகிறது.