காலையில் ஊற்றிக் கொடுக்கும் அந்த மருந்து

சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளி வாசலில் தினமும் காலை 7 மணிக்கு வெப்பமானியும் குட்டி டார்ச்சுமாக நிற்பவள் நான். பிள்ளைகள் வரிசையாக வந்து உள்ளங்கையைக் காட்டுவார்கள், "ஆ" என்று வாயைத் திறப்பார்கள். தும்மும்போது வாயை மூடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். புதிதாக அம்மா, அப்பா ஆனவர்கள் நான் அன்று செய்த அதே தப்பைச் செய்யும்போதுதான் பொறுக்கமுடிவதில்லை.

காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்புவது

என் மகனுக்கு அப்போது 3 வயது. இரவு உடம்பு லேசாகச் சுட்டது. காலை 6.30க்குப் பாராசிட்டமால் ஊற்றிக் கொடுத்தேன். 7.30க்குப் பள்ளி வாசலில் 36.8 காட்டியது, உள்ளே போய்விட்டான். மருந்தின் வேகம் நாலைந்து மணி நேரம்தானே? 11 மணிக்குப் போன் வந்தது. காய்ச்சல் 38.9, வாயெல்லாம் புண், கஞ்சியைத் தொடமாட்டேன் என்கிறான். கை, கால், வாய்ப்புண் நோய். அதற்குள் அவன் கடித்துப் போட்ட பொம்மையை எத்தனை பேர் எடுத்துக் கடித்தார்களோ.

ஒரு வாரத்துக்குள் அதே வகுப்பில் மூன்று பிள்ளைகள் படுத்தார்கள். ஒரு குழந்தைக்குத் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. அவள் அம்மாவை லிஃப்டில் பார்த்த அன்று கைப்பேசியைவிட்டு நான் தலையைத் தூக்கவே இல்லை.

பெற்றோரின் கஷ்டம் தெரியாமல் இல்லை. பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு ஆண்டுக்கு ஆளுக்கு 6 நாள்தான். இந்த நோய் ஒரு தடவை வந்தாலே அதைத் தின்றுவிடும். ஆனாலும் பிள்ளை உடம்பில் இருக்கும் சிவப்புப் புள்ளிகளைக் காட்டி "கொசு கடிச்சிருக்கு டீச்சர்" என்று சொன்னால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நாக்கிலுமா கடிக்கும் கொசு? 2000ல் இதே நோய் என்டரோவைரஸ் 71 என்ற கடுமையான கிருமியால் இங்கே பரவி, சில பிள்ளைகளின் உயிரையே வாங்கியது. பாலர் பள்ளிகளையெல்லாம் மூடினார்கள்.

எல்லாவற்றையும் அம்மை என்பது

தட்டம்மை என்றால் முதலில் காய்ச்சல், இருமல், சிவந்த கண். மூன்று நாலு நாள் கழித்துத்தான் தடிப்பு. முகத்தில், காதுக்குப் பின்னால் தொடங்கிக் கீழே இறங்கும். சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சிலும் முதுகிலும் நீர்க்கொப்புளமாக அரிக்கும். தட்டம்மைக் கிருமி காற்றில் 2 மணி நேரம்வரை இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால், கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டுப் போங்கள்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி 12, 15 மாதங்களில். ஊருக்குப் போய்விட்டு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சின்னம்மை ஊசி தேசிய அட்டவணையில் சேர்ந்தது 2020 நவம்பரில்தான். அண்ணன், அக்காவுக்குப் போட்டாயிற்றா என்று பாருங்கள்.

ஆஸ்பிரின்

வேண்டவே வேண்டாம். சின்னம்மையோ டெங்கியோ என்று சந்தேகம் இருந்தால் ஐபுபுரோஃபெனும் வேண்டாம்.

குளிப்பாட்டாமல் வைப்பது

இந்த ஊர் வெக்கையிலா? வேப்பிலை போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் என்றாலும் சரி, குளிப்பாட்டுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

சானிடைசரை நம்புவது

கை, கால், வாய்ப்புண் கிருமிக்கு அது அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும்தான். பிள்ளை தேறிய பிறகும் மலத்தில் கிருமி பல வாரம் வரும், டயப்பர் மாற்றுகிறவர்கள் கவனம்.

நகம் உரிந்தால் அலறுவது

ஒரு மாதம் கழித்து என் மகனின் கட்டைவிரல் நகம் அடியோடு கழன்று வந்தது. டாக்சி பிடித்து ஓடினேன். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த நோய்க்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்றார். அடியில் புது நகம் ஏற்கெனவே முளைத்திருந்தது.